ஈயமா, லித்தியமா

தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர் பேட்டரியம்மா. பதிவேட்டில் இருந்த சொந்தப் பெயரைச் சம்பள நாளன்று மட்டும்தான் யாராவது உச்சரிப்பார்கள். தரைத்தளத்தின் கடைசி அறையில், இடுப்பு உயரத்துக்கு இரண்டு வரிசையாக நின்ற ஈய பேட்டரிகளை இருபத்தாறு வருடம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். காலையில் ரப்பர் ஏப்ரனையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், செல் செல்லாகக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவாள். உள்ளே மிதவை வைத்த கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியைப் பார்த்து நோட்டில் எழுதுவாள். ஊரில் கரண்ட் போனாலும் போன் போகாது. ஏன் போகவில்லை என்று ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. அவளுடைய பழைய உடுப்புகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், அமிலம் பட்டுக் கடுகளவு கடுகளவாக ஓட்டை.

கணவர் நில அளவைத் துறையில் இருந்தவர். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். வேலையில் இருந்தபோது மாதக்கணக்கில் மலையடிவாரம், ஆற்றங்கரை என்று கூடாரம் போட்டுத் தங்கிவிடுவார். இவள் இங்கே ஒற்றை ஆளாக மகளையும் பார்த்துக்கொண்டு பேட்டரிகளையும் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவர் வீடு திரும்பும்போதெல்லாம் ஒன்றைச் சொல்வார். "ரிட்டயர் ஆகட்டும். ஒரு வண்டி வாங்கிட்டு நாம ரெண்டு பேரும் கிளம்பிடலாம். நான் பார்த்த இடமெல்லாம் உனக்குக் காட்டறேன்." சொல்லி மறந்துபோகிற ஆள் அவர். கேட்டு மறந்துபோகிறவள் அல்ல இவள்.

அதனால், காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் இடமுள்ள பழைய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை அவர் ஒருநாள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வண்டியைப் பார்த்தால் அழுகைதான் வரும். யாரோ மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்திருந்தது. பலகையெல்லாம் உப்பிப் பூஞ்சை பிடித்திருந்தது. சர்வேயர் சக்கரத்தையும் கொக்கியையும் பார்த்துக்கொண்டார். உள்வேலை முழுக்க அவள். நான்கு மாதம். துருவை உப்புத்தாளால் தேய்த்தாள், பலகை மாற்றினாள், ஸ்பாஞ்ச் வெட்டி மெத்தைக்கு உறை தைத்தாள், ஜன்னல் இடுக்குகளில் பசை வைத்து அடைத்தாள். விளக்குக்கும் விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஒயர் இழுத்து, ஃப்யூஸ் பெட்டி மாட்டி, ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் துண்டுச் சீட்டு ஒட்டினாள். நடுவில் ஒருநாள் சர்வேயர் கீல் வைத்து மடக்குகிற பலகை ஒன்றைச் சுவரில் அடித்தார். எதுக்கு என்று கேட்டதற்கு, "சாமான் வைக்க" என்றார். அதற்கும் சேர்த்து ஒரு மெத்தை உறை தை என்று அவர் சொன்னபோது, சாமானுக்கு எதற்கு மெத்தை என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நல்ல மனநிலையில் இருக்கிற மனுஷனை எதற்குக் கிண்ட வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் பேட்டரி ஒன்றுதான் பாக்கி. அங்கே பிடித்தது சனி.

ஈயமா, லித்தியமா என்று மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. தண்ணீர் ஊற்றுகிற ஈயமா, மூடி சீல் வைத்த ஈயமா, உள்ளே கூழ் வைத்ததா, இல்லை புதுசாக வந்திருக்கிற லித்தியமா? சர்வேயர் கார் மெக்கானிக்கைக் கேட்டார். முடி வெட்டுகிறவரைக் கேட்டார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்டாராம். செல்போனில் வீடியோ மாற்றி வீடியோ பார்த்தார். கேட்காத ஒரே ஆள், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள். "என்னங்க, ஈய பேட்டரின்னா நூறு ஆம்பியர்-அவர்னு போட்டிருந்தாலும் அம்பதுதான் எடுக்கணும். அதுக்குக் கீழ இறக்கினா சீக்கிரம் செத்துடும்."

"அதெல்லாம் உங்க எக்ஸ்சேஞ்ச் பேட்டரி. இது வேற."

"எல்லாம் ஒரே ஈயம்தாங்க."

"சரி சரி. பார்த்துக்கிட்டு இருக்கேன்ல?"

இரண்டு நாள் கழித்து, வீடியோவில் ஒருத்தன் பிரமாதமாகச் சொன்னான் என்று அதையே அவளிடம் வந்து சொன்னார். நூறில் ஐம்பதுதான் எடுக்க வேண்டுமாம். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

பேட்டரிக் கடைக்குப் போகிற அன்று அவளும் கிளம்பினாள். நீ எதுக்கு என்றார். சும்மாதான் என்று காரில் ஏறிவிட்டாள். கடைக்குள் நுழைந்ததும் அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு முகம் சுளிக்கும். அவளுக்கு வேலைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைக்காரர் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த நடுவயதுக்காரர். "என்னென்ன ஓடப்போகுதுன்னு லிஸ்ட் இருக்கா சார்? அத வச்சுத்தான் எந்த பேட்டரின்னு சொல்ல முடியும்."

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கட்டத்தாளை எடுத்து விரித்தார். வரைபடத்தில் எழுதுகிற அதே முத்து முத்தான கையெழுத்து. ஃபிரிட்ஜ் ஒன்று. விளக்கு நான்கு. விசிறி இரண்டு. தண்ணீர் மோட்டார் ஒன்று. போன் சார்ஜ் மூன்று.

அவள் எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒருதரம் படித்தாள், கீழிருந்து மேலே ஒருதரம்.

அவளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். இரண்டு வருடமாக மூக்கில் முகமூடி மாட்டிக் காற்று ஊதுகிற ஒரு சின்ன மெஷினோடுதான் படுக்கிறாள். அது இல்லாமல் அவள் தூங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது சர்வேயர்தான்.

கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, "நாப்பது வருது" என்றார்.

"ஃபிரிட்ஜ் மட்டுமே ஒரு நாளைக்கு நாப்பது எடுக்கும்" என்றாள் அவள். "விசிறி, விளக்கு, மத்ததெல்லாம் சேர்த்தா அம்பத்தஞ்சு."

அவர் திரும்பவும் தட்டிப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். "கரெக்ட்டும்மா. எங்க வேலை பார்த்தீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் முந்திக்கொண்டார். "டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல. பேட்டரிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது என்பார்களே, அது இதுதான்போல என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு முக்கியமாக இருந்தது தாள்தான். மறந்துவிட்டார், அவ்வளவுதான். வயசாகிறது. கடைக்காரரின் பேனாவை வாங்கி, அந்த முத்துக் கையெழுத்துக்குக் கீழே தன் கோழிக்கிறுக்கலில் எழுதினாள்: மூச்சு மெஷின் ஒன்று, எட்டு மணி நேரம்.

"இத விட்டுட்டீங்க. இதுக்கு ஒரு முப்பது ஆகும். மொத்தம் எண்பத்தஞ்சு."

"அப்படின்னா ஈயம் தாங்காதும்மா" என்றார் கடைக்காரர். "ரெண்டு ஈயம் போட்டா வண்டி கனத்துடும். லித்தியம் ஒண்ணு போடுங்க. நூறுல தொண்ணூறு வரைக்கும் தைரியமா எடுக்கலாம். உள்ளே வச்சாலும் வாயு வராது. நீங்க தூங்கற இடம் வேற."

சர்வேயர் அவள் கையிலிருந்து பேனாவை எடுத்தார். அவள் எழுதிய வரியின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

"அது வேண்டாம். அத எடுத்துட்டுச் சொல்லுங்க."

கடைக்காரர் இருவர் முகத்தையும் பார்க்காமல் மேசை மேலிருந்த துணியை எடுத்து ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு பேட்டரியைத் துடைத்தார். "மெஷின் இல்லைன்னாகூட அம்பத்தஞ்சு சார். ஈயம் இழுத்துப் பிடிச்சாத்தான் உண்டு. ஒரே இடத்துல ரெண்டு நாள் நின்னீங்கன்னா படுத்துடும்."

"என் ஃபிரெண்ட் கான்ட்ராக்டர். கட்டட வேலையில அவர் பார்க்காத பேட்டரியா? தண்ணி ஊத்தற ஈயம்தான் அடிச்சிக்க முடியாதுங்கறார். அதையே குடுங்க."

காரில் பேட்டரியை ஏற்றினார்கள். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கேட்டாள்.

"நான் வரலையா?"

"உன்னால முடியாது. அங்க காட்டுல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பார்க்கறது? அந்த மெஷின் சத்தம் வேற. சின்ன வண்டிக்குள்ள மனுஷன் எப்படித் தூங்கறது?"

"அப்ப யார் போறது?"

"நான், தம்பி, கான்ட்ராக்டர். மூணு பேர்."

"எப்ப முடிவாச்சு?"

பச்சை விழுந்தது. கியர் மாற்றிக்கொண்டே, ஏதோ வழி சொல்வது போல, "வண்டி வாங்கறப்பவே" என்றார்.

மூன்று மெத்தை உறை. மூன்று போன். மடக்குப் பலகை. எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து நின்றன. அந்தப் பலகை விஷயம் தவிர நான்கு மாதமும் அவர் ஒருதரம்கூடப் பொய் சொல்லவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. நாம போறோம் என்று அவர் சொல்லவே இல்லை. அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உறையெல்லாம் தச்சேனே" என்றாள்.

"அதுக்கு இப்ப என்ன? நல்லாத்தான் தச்சிருக்க."

பேட்டரியை அவர் அகலக் கட்டிலின் கீழே வைத்தார். சமையல் அடுப்பு அங்கிருந்து கைக்கெட்டும் தூரம். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். மறுநாள் முழுக்கவும் சொல்லவில்லை. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு கக்கும். மூடிய இடத்தில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். நிலையத்தில் இப்படித்தான் ஒரு மேற்பார்வையாளர், வாயுவை வெளியே தள்ளுகிற விசிறி ஓடாத நேரத்தில் ஸ்பானரை இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டுவிட்டார். செல் வெடித்தது. ஒரு கண் போயிற்று. அவரைக் கழுவுதொட்டிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றியது அவள்தான்.

கிடக்கட்டும், அவர்கள்தானே படுக்கப் போகிறார்கள் என்று வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாளுக்கு மேல் முடியவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிவந்து, பேட்டரியை அதற்குள் இறக்கி, மூடி போட்டு, மேலே ஒரு குழாய் பொருத்தினாள். அந்தக் குழாயை வெளியே விடுவதற்காக டிரெய்லரின் பக்கச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது சர்வேயர் ஓடிவந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உனக்கென்ன பைத்தியமா? புது பெயின்ட்ல ஓட்டை போடற! வரலைன்னதும் வண்டியை நாசம் பண்றியா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய தம்பி வந்து சேர்ந்தார். வங்கியில் வேலை பார்க்கிற சாது. எதுக்கு அண்ணி ஓட்டை என்று கேட்டார். அவள் சொன்னாள். வாயு, அடுப்பு, பொறி என்று மூன்றே வார்த்தை. தம்பியின் முகம் வெளுத்தது.

"இருக்கட்டும்ண்ணா, விடுங்க. அண்ணி தெரியாமலா செய்வாங்க?"

சர்வேயர் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம்பி துளை போடும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் தயங்கினார்.

"நீங்களும் வந்திருக்கலாம் அண்ணி. நீங்கதான் வர மாட்டேன்னு பிடிவாதமா சொல்லிட்டீங்களாமே? அண்ணன் எவ்வளவோ கூப்பிட்டாராம்."

அவள் கை நின்றது. பலகைத் தூள் அவள் மணிக்கட்டு முழுக்க அப்பியிருந்தது. எதிரில் நிற்பவர் வெள்ளந்தி. நடந்ததைச் சொன்னால் நம்புவார். அண்ணனிடம் கேட்கவும் கேட்பார். ஆனால் சொல்வதென்றால், என்னை யாரும் கூப்பிடவில்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"ஆமா" என்றாள். "எனக்கு அலைச்சல் ஒத்துக்காது."

அதன் பிறகு சர்வேயர்மேல் இருந்த கோபத்தைவிட அந்த 'ஆமா'வின் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. பாத்திரம் கழுவும்போது வந்தது, குளிக்கும்போது வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள். கான்ட்ராக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து, "வர்றோம்மா, பத்து நாள் உங்களுக்கு ரெஸ்ட்டு!" என்று கையாட்டினார்.

நான்காம் நாள் மத்தியானம் போன் வந்தது. பேசியது தம்பி.

"அண்ணி, ஃபிரிட்ஜ் நின்னுடுச்சு. லைட்டெல்லாம் மங்கலா எரியுது."

"ஒரே இடத்துல நிக்கிறீங்களா?"

"ரெண்டு நாளா ஆத்தங்கரையிலதான் இருக்கோம்."

"கார்ல மாட்டி ஒரு அஞ்சு மணி நேரமாவது ஓட்டுங்க. அப்படியே காலியா விட்டுடாதீங்க தம்பி, பேட்டரி செத்துடும். ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணி வையுங்க."

பின்னால் சர்வேயரின் குரல் கேட்டது. "அவள எதுக்குக் கேக்கற? போனை வை. ஐஸ் வாங்கிக்கலாம்." கான்ட்ராக்டர் ஏதோ சொன்னார், சிரிப்பு. போன் அணைந்தது.

ஒன்பதாம் நாளே திரும்பிவிட்டார்கள். கான்ட்ராக்டர் தெருமுனையிலேயே இறங்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மடக்குப் பலகையில் படுத்தது அவர்தான். சர்வேயர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"நீ போட்ட ஓட்டையாலதான். ஈரக்காத்து உள்ள போய் பேட்டரி வீணாப்போச்சு."

அவள் வாதாடவில்லை. நிலையத்தில் வைத்திருந்தது போன்ற கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, பேட்டரியை வாசலில் வெயிலில் இறக்கி, ஆறு மூடியையும் திறந்தாள். ஒவ்வொன்றாக உறிஞ்சி அவர் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நல்ல செல்லில் மிதவை மேலே எழும்பி நிற்கும். நான்கு செல்லில் பாதி உயரம்கூட எழும்பவில்லை. இரண்டில் அசையவே இல்லை, அடியில் கிடந்தது.

"சுத்தமா இறங்கி அஞ்சு நாள் காலியா கிடந்திருக்கு. காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

சர்வேயர் மிதவையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவள் மூடிகளைத் திருகிவிட்டுக் கை கழுவப் போனாள். ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை, கையில் அமிலம் பட்ட இடம் மட்டும் எரிந்தது.

இரண்டு வாரம் டிரெய்லர் வாசலில் சும்மா நின்றது. கான்ட்ராக்டர் இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியை டாக்டர் படுக்கையில் போட்டுவிட்டார். ஒருநாள் காலை டீ குடிக்கும்போது சர்வேயர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தா, ஒண்ணு கேக்கறேன். எந்த பேட்டரி வாங்கலாம் சொல்லு."

முப்பது வருடத்துக்கு மேலான தாம்பத்தியத்தில், அவள் வேலை சம்பந்தமாக அவர் கேட்ட முதல் கேள்வி. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். எதையும் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை. லித்தியத்தில் எந்த வகை, நூறு போதும், ஏன் போதும், பழைய சார்ஜர் இதற்கு ஆகாது, உறைகிற குளிரில் சார்ஜ் போடக் கூடாது என்று, நிலையத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னது போலவே சொன்னாள். அவர் கட்டத்தாளில் குறித்துக்கொண்டார்.

"உன் மெஷினையும் சேர்த்துத்தானே கணக்கு?"

"இல்லங்க."

"ஏன்? சேர்த்துக்கோ. அடுத்த மாசம் நாம ரெண்டு பேரும் போகலாம்னு பார்க்கறேன்."

"நான் வரல."

"இப்ப என்ன கோபம் உனக்கு? கூப்பிடலைன்னா கூப்பிடலைங்கற. கூப்பிட்டா இப்படிப் பேசற."

"கோபமில்ல. நான் வர மாட்டேன்னு சொன்னதா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கீங்க. நானும் ஆமான்னுட்டேன். அது அப்படியே இருக்கட்டும்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். மறுக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. டீ ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அவள் சொன்ன பேட்டரியையே வாங்கினார். இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை தனியாகப் போய்வருகிறார். ஃபிரிட்ஜ் நிற்பதில்லை. வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் எந்த பேட்டரி நல்லது என்று விளக்குகிறாராம், தம்பி சொன்னார். யார் சொல்லிக் கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

அவளும் ஒரு தடவை போய்வந்தாள். நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த தோழியோடு பஸ் ஏறி, கடலோரத்தில் நான்கு நாள். விடுதி அறையில் கட்டில் தலைமாட்டிலேயே பிளக் இருந்தது. மெஷினைச் செருகிவிட்டுப் படுத்தால் விடியும்வரை தூக்கம். மெஷின் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்றாள் தோழி. கடல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கால் நனைத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், பழைய சூப்பர்வைசர்களை வாய் வலிக்க வைதார்கள். எப்படி இருந்தது என்று மகள் போனில் கேட்டபோது ரொம்ப நல்லா இருந்தது என்றுதான் சொன்னாள். பொய்யும் இல்லை.

ஆனால் அவள் வருடக்கணக்காக மனதில் வைத்திருந்தது அந்த அறை இல்லை. தன் கையால் தேய்த்து, அடைத்து, தைத்து முடித்த அந்த டிரெய்லரில் அவள் ஒருநாள்கூடப் படுத்ததில்லை.